தெர்மாகோல் பனி

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பள்ளியின் சுவர்களெல்லாம் வெள்ளையாகிவிட வேண்டும். பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் சின்ன மழலையர் பள்ளி அது. மூன்று அறைகள், பின்னால் ஒரு முற்றம், மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான பிள்ளைகள். வரையவும் கிழிக்கவும் ஒட்டவும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஒன்பது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கொல்கத்தாவின் குளிர்காலத்தில் பனிமழை ஏது? காலையில் புகையும் மூட்டமும் கலந்து தெருமுனை தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். பத்து மணிக்கு நல்ல வெயில் வந்துவிடும். ஆனாலும் பிள்ளைகள் கழுத்து வரை மூடிய மங்கி கேப்போடு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையை மடக்க முடியாமல் வந்து இறங்குவார்கள். அவர்களை உட்கார வைத்து நாங்கள் செய்வதெல்லாம் அவர்கள் கண்ணால் பார்த்திராத பனி மனிதர்களும் பனி மூடிய வீடுகளும்தான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் ஒருநாள் கண்காட்சி நடக்கும். பெற்றோர் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோக்களைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் புதுப் பிள்ளைகள் சேருவார்கள் என்று தலைமை ஆசிரியை நம்பினார். அவரை நாங்கள் எல்லோரும் ‘பொரோதி’ என்று கூப்பிடுவோம். வங்காளத்தில் பெரிய அக்கா என்று அர்த்தம்.

அந்த வருடம் ஒரு முழுச் சுவருக்குப் பனிக் கிராமம் செய்வது என்று முடிவானது. நீலச் சார்ட்டில் ஐஸ்கிரீம் குச்சி வீடுகள், பஞ்சு மரங்கள். “பனிக்கும் பஞ்சே போதும்” என்றார் பொரோதி. தெர்மாகோல் மணி போடலாம் என்றது நான். நானேதான் கோடியாஹாட் சந்தைக்குப் போய் ஒரு பெரிய பாலித்தீன் பை நிறைய வாங்கி வந்தேன். மிளகு அளவிலிருந்து பட்டாணி அளவு வரை உருண்டை உருண்டையாக, கனமே இல்லாத வெள்ளை மணிகள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்தவற்றில் மற்றவர்களுக்கும் பங்கு உண்டு என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறியது நான்தான்.

அந்த வருடம் நவம்பரில் ஒரு புதுக் குழந்தை எங்களிடம் சேர்ந்தாள். மூன்றரை வயது. அப்பா வங்கி அதிகாரி. திண்டுக்கல் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தார்கள். வீட்டில் பேசிய தமிழைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. மற்ற பிள்ளைகள் வங்காளமும் இந்தியும் பேசினார்கள். வகுப்பில் நாங்கள் ஆங்கிலம் பேசினோம். அவள் என்ன சொல்கிறாள் என்று அந்தக் கட்டடத்தில் புரிந்துகொள்ளக்கூடியவள் நான் ஒருத்திதான்.

நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். தாத்தா காலத்தில் ஒரு கம்பெனி வேலைக்காக வந்த குடும்பம். கணவர் கிடர்பூரில் கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறார். மகன் கல்லூரியில் படிக்கிறான். தமிழில் கேட்டால் வங்காளத்தில் பதில் சொல்லுவான். என் தமிழ் சமையலறைக்குள்ளும் லேக் மார்க்கெட் மளிகைக் கடையிலும் மட்டும் புழங்கிக்கொண்டிருந்தது. அப்படியிருக்க ஒரு குழந்தை வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு, “மிஸ், உங்க வீட்டுல ஆட்டுக்குட்டி இருக்கா? இல்லன்னா ஏன் இல்ல?” என்று கேட்டால் எப்படி இருக்கும்? முதல் இரண்டு வாரம் அவளோடு வாய் ஓயாமல் பேசினேன். அவள் கேட்ட கேள்விகளை எல்லாம் கணவரிடம் போய்ச் சொல்லிச் சிரித்தேன்.

பொரோதி அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பிள்ளைகள் போனபின் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கோபமாக எல்லாம் பேசவில்லை. “நீ தூக்கிவெச்சுக்கிட்டே இருந்தா அவ எப்ப நடக்கறது? யார்கூடவும் விளையாட மாட்டேங்கறா. உன் பின்னாலயே சுத்தறா. இங்க உன்கூடவே இருந்துடப் போறாளா?” என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை என்றுதான் தோன்றியது.

மறுநாள் கேட்டில் குழந்தையின் அம்மாவும் அதையே வேறு மாதிரி சொன்னாள். இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். வந்த புதிதில் இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் பயந்தவள் மாதிரி நிற்பாள்.

“மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. அவகிட்ட தமிழ்ல பேசாதீங்க மிஸ். அப்பத்தான் இங்கிலீஷ் வரும்னு அவங்க அப்பா சொல்றாரு. பெரிய ஸ்கூல்ல இன்டர்வியூ இருக்காம்ல.”

சரி என்றேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவள் எது சொன்னாலும் “இன் இங்கிலீஷ், ப்ளீஸ்” என்று ஆரம்பித்தேன். முதல் நாள் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். இரண்டாம் நாள் அழுதாள். அப்புறம் அழவில்லை. வார முடிவில் வாட்டர், டாய்லெட், ஃபினிஷ், ஸ்னோ என்று ஏழெட்டு வார்த்தைகள் வந்துவிட்டன. பொரோதி கைகொடுத்துப் பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

தெர்மாகோல் மணிகளைப் பிரித்தது ஒரு வெள்ளிக்கிழமை. பதினான்கு பிள்ளைகள். எனக்கு உதவியாக ஒரு மாஷி, நம்மூர் ஆயாம்மா மாதிரி, உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் ஆனவர், பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் மூக்குத் துடைத்து விடுவதும் அவர் வேலை. மணிகளை எவர்சில்வர் தட்டுகளில் கொட்டி மேஜைக்கு ஒன்றாக வைத்தேன். சார்ட்டில் பசை தடவிக் கொடுத்தேன். அதன்மேல் மணிகளைத் தூவ வேண்டும்.

குளிர்காலத்துக் காற்று எவ்வளவு வறண்டது என்பது எனக்கு நினைவில்லாமல் போயிற்று. தலை சீவினாலே படபடவென்று பொறி பறக்கும் காலம். மணிகள் தட்டில் நிற்கவே இல்லை. கம்பளி ஸ்வெட்டர்களில் ஒட்டிக்கொண்டன. கன்னத்தில், புருவத்தில், மங்கி கேப்பில் எல்லாம் ஒட்டிக்கொண்டன. தட்டிவிட்டால் கையில் ஒட்டின. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அந்த நேரம் பார்த்து மாஷி ஒரு பையனைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போயிருந்தார். யாரோ தட்டைக் கவிழ்த்தார்கள். அறை முழுக்க வெள்ளையாகப் பறந்தது. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூட்டக் கூட்ட அவை துடைப்பத்துக்கு முன்னால் ஓடின.

அப்போது அவள் வந்து என் முந்தானையை இழுத்தாள்.

“மிஸ், ஸ்னோ உள்ள போயிருச்சு.”

நான் குனிந்தபடி, “இன் இங்கிலீஷ், ப்ளீஸ்” என்றேன்.

அவள் நின்றாள். மறுபடி இழுத்தாள். “மிஸ்... ஸ்னோ...”

“ஸ்னோ வாட்? ஃபுல் சென்டென்ஸ்” என்றேன்.

அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் செய்திருந்த குச்சி வீட்டுக்குக் கதவு திறந்தாற்போல் வைத்திருந்தோம். அதற்குள் மணி விழுந்துவிட்டது, அதைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்த பிறகு அவள் ஒரு விரலை மூக்கின் பக்கம் வைத்திருந்தாள் என்று எனக்கு ஒரு ஞாபகம். அதை நான் அன்றே பார்த்தேனா, பின்னால் எல்லாம் தெரிந்த பிறகு மனசு சேர்த்துக்கொண்டதா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் அவளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. டிசம்பரில் எந்தக் குழந்தைக்குத்தான் ஒழுகவில்லை? ஆனால் புதன்கிழமையோ என்னவோ, மாஷி அவள் முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்து, “இவளுக்கு ஒரு மூக்குல மட்டுந்தான் வருது தீதி, பார்த்தீங்களா?” என்றார். “ஒரு பக்கமா படுத்துத் தூங்கியிருப்பா மாஷி” என்றேன். கண்காட்சிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. சுவரில் பாதி இன்னும் நீலமாகவே இருந்தது.

அதற்கப்புறம் நாற்றம் வந்தது. முதலில் லேசாக, ஈரத் துணியை மடித்து வைத்த மாதிரி. பிறகு பக்கத்தில் போனாலே தெரியும்படி. அவளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்த சிறுமி மூக்கைப் பிடித்துக்கொண்டு “கொந்தோ, கொந்தோ” என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு தள்ளிப்போனாள். நாற்றம் என்று அர்த்தம். அந்த வார்த்தை மற்றப் பிள்ளைகளுக்கும் பிடித்துப்போயிற்று. நான் அதட்டி நிறுத்தினேன். ஆனால் அவர்கள் அவள் பக்கத்தில் போகவில்லை. அவளை ஜன்னலோரம் தனியாக உட்காரவைத்து, காற்று வரும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் வாயைத் திறந்து மூச்சுவிட்டபடி பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். எதுவும் கேட்க மாட்டாள். ஆட்டுக்குட்டி கேட்ட பிள்ளை அவள்.

இரண்டு பெற்றோர் புகார் சொன்ன பிறகு பொரோதி குழந்தையின் அம்மாவை வரச்சொன்னார். அவளுக்கு வங்காளம் தெரியாது, ஆங்கிலமும் தடுமாற்றம். அதனால் நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

“குழந்தையோட சுத்தத்தைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லு. பல் தேய்க்கறது, மூக்குச் சுத்தம் பண்றது, துணி மாத்தறது. பக்குவமாச் சொல்லு” என்றார் பொரோதி.

பக்குவமாகத்தான் சொன்னேன். எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் அது அதுதானே. அவள் முகம் சிவந்து, பிறகு வெளுத்துப்போனது.

“டெய்லி சுடுதண்ணி வெச்சுக் குளிப்பாட்டறேன் மிஸ். ரெண்டு வேளையும் பல் தேச்சு விடறேன். டாக்டர்ட்ட ரெண்டு தடவை காமிச்சாச்சு, சளி மருந்து குடுத்தாரு. என்னன்னே தெரியல. எங்க வீட்டுக்காரரும் என்னைத்தான் திட்டறாரு. சிந்துடின்னா சிந்தவும் மாட்டேங்கறா.”

இதை நான் வங்காளத்தில் சொன்னேன். பொரோதி பரிவோடு தலையாட்டிவிட்டு, சளி சரியாகும்வரை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது, கண்காட்சிக்கு அம்மா மட்டும் வந்தால் போதும் என்றார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

கண்காட்சியன்று குழந்தையின் அம்மா தனியாக வந்தாள். பனிக் கிராமம் நன்றாகவே வந்திருந்தது. எல்லோரும் தங்கள் பிள்ளைகளை அதன் முன்னால் நிற்கவைத்துப் படமெடுத்தார்கள். அவள் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, மகள் செய்த குச்சி வீட்டை மட்டும் போனில் படமெடுத்துக்கொண்டாள். “அழகா இருக்கு மிஸ்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் மறுபடி வந்தாள், குழந்தை இல்லாமல். பொரோதியின் அறையில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்து மேஜையில் வைத்தாள். உள்ளே பஞ்சின்மேல் ஒரு சின்ன உருண்டை. பழுப்பாக, ஓரத்தில் கறுப்பாக இருந்தது. வெள்ளை என்று சொல்ல எதுவும் அதில் மிச்சமில்லை.

“சனிக்கிழமை காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம் மிஸ். பார்த்த உடனே சொல்லிட்டாரு, ஒரு பக்கம் மட்டும் இப்படி வந்தா உள்ள ஏதாவது இருக்கும்னு. கொக்கி மாதிரி ஒண்ணை விட்டு எடுத்தாரு. நான்தான் அவ கையைப் புடிச்சுக்கிட்டேன். ரத்தம் வந்துச்சு. அது என்னன்னு தெரியுதா மிஸ்? தெர்மாகோலாம்.”

எனக்கு அந்த நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. துடைப்பம், பறந்த மணிகள், முந்தானையில் ஓர் இழுப்பு. ஸ்னோ உள்ள போயிருச்சு.

நான் மொழிபெயர்த்ததும் பொரோதி குப்பியைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்வதற்கு ஏதாவது இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது. “இங்கேயும் தெர்மாகோல் இருந்தது. ஆனா அவங்க வீட்டுலயும் இருந்திருக்கலாம் இல்லையா? இப்பத்தானே சாமான் எல்லாம் வந்து இறங்கிச்சு. டி.வி. பெட்டி, ஃப்ரிட்ஜ் பெட்டி. கேளு அவங்கள” என்றார் என்னிடம்.

நான் அதைத் தமிழில் கேட்டேன்.

அவள் யோசித்தாள். “ஆமா மிஸ். டி.வி. பெட்டியில பெரிய பெரிய தெர்மாகோல் கட்டி இருந்துச்சு. அதைப் பிச்சுப் பிச்சு விளையாடினா. நான்தான் வேலையா இருந்தேன், கவனிக்கல.” பிறகு என்னை நேராகப் பார்த்து, “அவ இங்க யார்கிட்டயாவது ஏதாவது சொன்னாளா மிஸ்? உங்ககிட்ட ஏதும் சொல்லலயா?” என்று கேட்டாள்.

“இல்லையே” என்றேன்.

“என்ன கேட்கறாங்க?” என்றார் பொரோதி.

“குழந்தை நம்மகிட்ட எதுவும் சொல்லலையான்னு கேட்கறாங்க. இல்லைன்னேன்.”

ஒரே பொய்யை இரண்டு மொழியில் சொல்லிவிட்டேன். அவள் குப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தன்னுடைய கவனக்குறைவுக்காக எங்களிடம் ‘ஸாரி’ சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதான் எடுத்தாச்சே. குழந்தை நல்லா இருக்கில்ல? இனிமே போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? வேலை போயிடும், அவ்வளவுதான்” என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் இரண்டு நாள் அப்படியே இருக்கப் பார்த்தேன். பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். வீட்டில் உட்கார்ந்தால் அவள் ‘ஸாரி’ சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. பட்டாணி அளவு உருண்டையான மணி டி.வி. பெட்டிக் கட்டியைப் பிய்த்தால் வராது, பொடிப் பொடி மணியாகத்தான் உதிரும். அது அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பள்ளியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு அடுக்குமாடி, மூன்றாவது மாடி. கையில் ஆரஞ்சுப் பை. அவள்தான் கதவைத் திறந்தாள். “வாங்க மிஸ், வாங்கக்கா” என்று சந்தோஷமாகக் கூப்பிட்டாள். இந்த ஊரில் அவள் வீட்டுக்கு வந்த முதல் தமிழ் ஆள் நான்தானாம். குழந்தை ஹாலில் தரையில் உட்கார்ந்து ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பென்சிலைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“வெக்கம்” என்றாள் அம்மா.

காபி போடப் போனவளை உட்காரச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்று குழந்தை என்னிடம் வந்து சொன்னாள், நான் கேட்கவில்லை, திங்கட்கிழமை கேட்டபோது நான் சொன்னது பொய்.

கீழே தெருவில் பழைய பேப்பர்காரன் கூவிக்கொண்டு போனான்.

“என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

“‘மிஸ், ஸ்னோ உள்ள போயிருச்சு’ன்னா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

சொன்னேன்.

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நான்தான உங்களைத் தமிழ்ல பேசாதீங்கன்னு சொன்னேன்” என்றாள். எனக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. அதற்குள் அவளே தலையை ஆட்டி மறுத்தாள். “பேசாதீங்கன்னுதான் சொன்னேன். கேக்காதீங்கன்னு சொல்லலையே அக்கா.”



“அவளை அடிச்சேன் தெரியுமா? மூக்கைச் சிந்துடி, சிந்துடின்னு. ஸ்கூலுக்கு வந்து பேச்சு வாங்கிட்டுப் போன அன்னிக்கு முதுகுல ரெண்டு வெச்சேன். அவ வலிக்குதும்மான்னா. எதுக்கெடுத்தாலும் வலிக்குதுன்னு சொல்லாதன்னு அதுக்கும் அடிச்சேன்.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “ஏன் அம்மாகிட்ட சொல்லலன்னு டாக்டர் வீட்டுலேர்ந்து வரும்போது கேட்டேன். மிஸ்கிட்ட சொல்லிட்டேன்னுதான் சொன்னா. நான் நம்பல. மிஸ் அப்படியெல்லாம் விடமாட்டாங்கன்னு அவகிட்டயே சொன்னேன்.”

அப்படியென்றால் திங்கட்கிழமை என்னைப் பார்த்துக் கேட்டபோது அவளுக்குப் பாதி தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள். நான் ‘இல்லையே’ என்றதும், மகளை விட்டுவிட்டு என்னை நம்பியிருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்து நின்றாள். “இப்பப் போங்கக்கா. எனக்கு இப்ப எதுவும் பேச வரல.” கதவு வரை வந்தாள். ஆரஞ்சுப் பையைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, வாங்கி உள்ளே வைக்கவும் இல்லை. அது செருப்பு ஸ்டாண்டின் மேலேயே இருந்தது.

பள்ளி திறந்த அன்று பொரோதியிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். காலைப் பிரார்த்தனை முடியட்டும், பிள்ளைகள் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அதற்குள் குழந்தையின் அம்மா வந்துவிட்டாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“நான் சொல்றதை அப்படியே அவங்ககிட்ட சொல்லுங்க” என்றாள் என்னிடம். “ஒரு வார்த்தைகூட மாத்தாதீங்க.”

சரி என்றேன்.

“என் பொண்ணு அன்னிக்கே இந்த மிஸ்கிட்ட வந்து சொல்லியிருக்கா.”

வங்காளத்தில் சொன்னேன். பொரோதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இவங்க காது குடுக்கல. இங்கிலீஷ்ல சொல்லுன்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் நான் கேட்டதுக்கு அவ சொல்லவே இல்லைன்னு பொய் சொன்னாங்க.”

சொன்னேன். என் வேலையில் அவ்வளவு கவனமாக நான் மொழிபெயர்த்ததே இல்லை. ‘பொய்’ என்கிற இடத்தில் மென்மையான வேறு வார்த்தை ஒன்று நாக்கில் வந்தது. அதை விழுங்கிவிட்டு அவள் சொன்னதையே சொன்னேன்.

“நாள் கணக்கா அவளைத் தனியா உட்காரவெச்சு, எல்லாப் பிள்ளைங்களும் மூக்கைப் புடிச்சிருக்காங்க. என்னைக் கூப்பிட்டு, பிள்ளையச் சுத்தமா வெச்சுக்கன்னு சொன்னீங்க. நான் தலையக் குனிஞ்சு கேட்டுட்டுப் போனேன். இனிமே அவ இங்க வரமாட்டா. அவ செருப்பும் டிஃபன் டப்பாவும் இங்க இருக்கு. அதைக் குடுங்க.”

பொரோதி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். வங்காளத்தில்தான் கேட்டார். அதை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. மாஷி செருப்பையும் டப்பாவையும் கொண்டுவந்து கொடுத்தார். குச்சி வீட்டையும் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்து வந்திருந்தார். அதை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

அவள் போன பிறகு பொரோதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே நீ. நான் டி.வி. பெட்டின்னு சொன்னப்பவாவது. உன்னை நம்பித்தானே நான் பேசினேன். நீ என்ன சொல்றியோ அதுதான் எனக்குத் தமிழ்” என்றார். என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. மிச்சமிருந்த மணிகளை மாஷியை விட்டு மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போடச் சொன்னார். அந்த வருடம் முழுக்க என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பொங்கலுக்கு முந்தைய நாள் லேக் மார்க்கெட்டில் மஞ்சள் கொத்து வாங்கப் போயிருந்தேன். பொங்கல் வந்தால் அங்கே நடைபாதையில் கரும்பும் வாழையிலையும் குவிந்து கிடக்கும். ஊரில் உள்ள தமிழ்ச் சனமெல்லாம் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கும். கடைக்குள் திரும்பியபோது அந்த அம்மாவும் குழந்தையும் எதிரில் நின்றார்கள். ஒதுங்கிப் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அவளும் அதையே நினைத்திருப்பாள். இடமில்லை.

“நல்லா இருக்காளா?” என்று கேட்டேன்.

“இருக்கா. மூக்கெல்லாம் ஆறிடுச்சு. வேற ஸ்கூல்ல சேர்த்திருக்கோம், வீட்டுக்குப் பக்கத்துலயே.” சொல்லிவிட்டு வெல்லத்தைக் காட்டி எடை போடச் சொன்னாள். பிறகு என்னைப் பார்க்காமலே, “அங்க மிஸ் எல்லாம் அவளைப் பத்தி நல்லா சொல்றாங்க. ரொம்ப அமைதியான பிள்ளையாம். ஒரு தொந்தரவு கிடையாதாம். எதுவுமே கேக்கறதில்லையாம்” என்றாள்.

“வீட்டுல பேசறாளா?”

“வீட்டுல பேசறா. முன்ன மாதிரி இல்ல.”

குழந்தை அவள் சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அந்தக் கூட்டத்திலேயே தரையில் குந்தி உட்கார்ந்தேன். யாரோ காலால் இடித்துவிட்டு ஏதோ முணுமுணுத்தபடி போனார்கள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. எதைக் கேட்டாலும் அது என் சமாதானத்துக்காகக் கேட்பதாகவே இருக்கும் என்று பட்டது. அம்மா என்னைத் தடுக்கவில்லை, ஆனால் மகளின் தோளில் கையை வைத்தாள்.

“கடையில என்ன வாங்கினீங்க?” என்று கேட்டேன்.

அவள் முதலில் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், வெகுநேரம். நான் குந்தியபடியே இருந்தேன். கடைக்காரர் வெல்லத்தை நிறுத்துப் பொட்டலம் கட்டி முடித்தார்.

“கரும்பு” என்றாள்.

அவள் அம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, “வரேன்கா” என்று சொல்லிவிட்டு அவளைக் கையில் பிடித்துக் கூட்டத்துக்குள் நடந்தாள். நான் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.